பன்னிரண்டு மணிச் சங்கு: உடல் முன்கூட்டியே செய்யும் வேலைகள்

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் நேரம் பார்க்க யாரும் கடிகாரத்தைத் தேடியதில்லை. மில் சங்குதான் கணக்கு. மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒரு சங்கு ஊதும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சங்கு கேட்டால் போதும், அப்பா கையிலிருக்கும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். காலை எட்டரைக்குச் சாப்பிட்டிருந்தாலும் சரி, விசேஷ வீட்டில் பதினொரு மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு வந்திருந்தாலும் சரி, பன்னிரண்டு மணிக்கு அவருக்குப் பசிக்கும். “இப்பத்தானே சாப்பிட்டு வந்தீங்க?” என்று அம்மா கேட்பார். “என்னமோ தெரியல, வயிறு கிள்ளுது” என்பார் அப்பா.

பழக்கதோஷம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். பிற்பாடு கல்லூரியில் உடலியல் படித்தபோதுதான் அப்பாவின் வயிறு பொய் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. பசி என்பது வயிறு காலியாகிவிட்டதைச் சொல்லும் மணி என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான நாட்களில் அது அப்படி இல்லை. சாப்பாடு வரப்போகிறது என்று உடல் கணித்து, அதற்கான ஏற்பாட்டில் இறங்கிவிட்டதன் அறிகுறி அது. அந்த ஏற்பாடு ஏன் தேவை என்பதற்கு முதலில் ஒரு சின்னக் கணக்கு.

நம் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 5 லிட்டர். வெறும் வயிற்றில் அதில் இருக்கவேண்டிய சர்க்கரை, 100 மில்லிக்கு 70 முதல் 100 மில்லிகிராம். பெருக்கிப் பார்த்தால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து 5 கிராமுக்குள்தான், அதாவது ஒரு தேக்கரண்டி. இப்போது இரண்டு கப் சோறு சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். செரித்ததும் சர்க்கரையாக மாறும் மாவுச்சத்து அதில் கிட்டத்தட்ட 90 கிராம். ஒரு தேக்கரண்டி மட்டுமே இருக்கவேண்டிய இடத்துக்கு அதைப்போல் பதினெட்டு மடங்கு வந்து சேரப்போகிறது! சோறு உயிர் காக்கும் பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் ரத்தத்தின் பார்வையில் ஒவ்வொரு சாப்பாடும் ஒரு வெள்ளம். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் வுட்ஸ் 1991-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை ‘சாப்பாட்டின் முரண்’ என்றே சொன்னார். சாப்பிடாமல் வாழ முடியாது, சாப்பிடும் ஒவ்வொரு முறையும் உடலின் சமநிலை குலைகிறது.

இந்தச் சமநிலை என்ற எண்ணத்துக்குப் பழைய வேர் உண்டு. உடலின் செல்கள் வெளியுலகில் வாழவில்லை, உடலுக்குள் இருக்கும் திரவத்தில்தான் வாழ்கின்றன, அந்த உள்சூழல் மாறாமல் இருப்பதே உயிர் சுதந்திரமாக வாழ்வதற்கு அடிப்படை என்று 19-ம் நூற்றாண்டில் பிரான்சின் க்ளோத் பெர்னார் சொன்னார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் 1926-ல் அதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார். நம் பாடப்புத்தகங்களில் ‘உடல் சமநிலை’ என்று வருவது இதுதான்.

பள்ளியில் இதை எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்றால், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மாட்டும் ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் மாதிரி. மட்டம் இறங்கினால் மோட்டார் ஓடும், நிரம்பினால் நிற்கும். உடல் சூடானால் வியர்க்கும், குளிர்ந்தால் நடுங்கும். சர்க்கரை ஏறினால் இன்சுலின் சுரக்கும். தப்பில்லை, ஆனால் பாதிதான். இந்த ஸ்விட்சுக்கு ஒரு குறை உண்டு: கோளாறு நடந்த பிறகுதான் அதற்குத் தெரியும். சர்க்கரை ஏறி, அதை உணர்ந்து, இன்சுலினைச் சுரந்து, அது செல்களில் வேலை செய்து முடிப்பதற்குள் வெள்ளம் வீட்டுக்குள் வந்துவிடும்.

நிஜ உடல் ஸ்விட்ச் மாதிரி நடந்துகொள்வதில்லை. எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும். எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்த வீட்டில், தண்ணீர் வருவதற்கு முன்பே குடங்களைக் கழுவி வரிசையாக வைத்திருப்பார்கள். குழாயில் காற்றுச் சத்தம் கேட்டாலே முதல் குடம் அடியில் போய்விடும். உடல் செய்வது இந்த வேலையைத்தான். நேரத்தையும் சத்தத்தையும் வாசனையையும் படித்து வைத்துக்கொள்கிறது. படித்து வைத்துக்கொள்கிறது என்பதை உவமையாகச் சொல்லவில்லை. பிறக்கும்போது இல்லாத ஒன்றை அனுபவத்தால் பெறுவதுதான் படிப்பு என்றால், கணையமும் இரைப்பையும் இதயமும் மூளை வழியாகப் படிக்கத்தான் செய்கின்றன.

வாசனைக்குச் சுரக்கும் இன்சுலின்

ரஷ்ய உடலியல் ஆய்வாளர் பாவ்லோவ் என்றதும் எல்லோருக்கும் மணியும் நாயும் நினைவுக்கு வரும். உண்மையில் அவருடைய ஆய்வகத்தில் மெட்ரனோம் முதல் மின்சார பஸ்ஸர் வரை பல கருவிகளைப் பயன்படுத்தினார்கள். 1904-ல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த ஆய்வுக்கு அல்ல, செரிமானம் பற்றிய ஆய்வுக்கு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் நாய்களின் உணவுக்குழாயை அறுவை செய்து, விழுங்கிய உணவு இரைப்பைக்குப் போகாமல் கழுத்து வழியாகவே வெளியே விழும்படி செய்தார். உணவு ஒரு துணுக்குகூட உள்ளே போகாத நிலையிலும் இரைப்பை நீர் லிட்டர் கணக்கில் சுரந்தது. அந்த நீரைச் சேகரித்து அஜீரணத்துக்கு மருந்தாக விற்று ஆய்வகத்துக்கு வருமானம்கூடப் பார்த்தார்கள். அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தார்கள்: உணவு கொண்டுவரும் ஆளின் காலடிச் சத்தத்துக்கே நாய்களுக்கு எச்சில் ஊறியது. பாடப்புத்தகத்தில் ‘ஆக்கநிலையிறுத்தம்’ என்று கனமான பெயரில் வருவது இந்தக் காலடிச் சத்தம்தான்.

எச்சிலோடு இது நின்றுவிடுவதில்லை. வுட்ஸும் அவருடைய குழுவினரும் 1977-ல் எலிகளுக்கு நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட வேளையில் மட்டும் உணவு கொடுத்துப் பழக்கினார்கள். அந்த வேளை வந்ததும், உணவே வைக்காவிட்டாலும், எலிகளின் ரத்தத்தில் இன்சுலின் ஏறியது. உணவோடு ஒரு வாசனையைச் சேர்த்துப் பழக்கியபோது அந்த வாசனைக்கே இன்சுலின் ஏறியது. மனிதரிலும் நாக்கில் சுவை பட்ட சில நிமிடங்களில், ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கும் முன்பே, இன்சுலின் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அளவு சிறியதுதான், ஆளுக்கு ஆள் மாறவும் செய்கிறது. ஆனாலும் அந்த ஆரம்ப இன்சுலினைத் தடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரையை இறக்குவது உடலுக்குச் சிரமமாகிவிடுகிறது. முன்னால் போகும் ஒரு குடம் தண்ணீர், பின்னால் வரும் பத்துக் குடத்துக்குச் சமம்.

பசியின் பக்கத்திலும் இதே கதைதான். இரைப்பையிலிருந்து கிரெலின் என்று ஒரு ஹார்மோன் வருகிறது. 1999-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். 2001-ல் சியாட்டிலில் டேவிட் கம்மிங்ஸ் குழுவினர் நாள் முழுவதும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சற்று முன்னால் கிரெலின் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக ஏறி, சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் இறங்கியது. எத்தனை மணிக்குச் சாப்பிடும் வழக்கமோ அதையொட்டித்தான் இந்த ஏற்றம் வருகிறது. அப்பாவுக்கு மில் சங்கு கிள்ளிய இடம் அநேகமாக இதுதான். நேரமும் சத்தமும் சேர்ந்து முப்பது வருஷம் அவருடைய இரைப்பைக்குப் பாடம் நடத்தியிருக்கின்றன.

தாகம் இதைவிட வியப்பானது. வெயிலில் நடந்து வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் உடனே “அப்பாடா” என்கிறோம் அல்லவா? அந்தத் தண்ணீர் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தின் அடர்த்தியை மாற்றப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படியானால் அந்த ‘அப்பாடா’ எதற்கு வந்தது? கலிஃபோர்னியாவில் ஸக்கரி நைட் என்பவரின் ஆய்வகம் 2016-ல் எலிகளின் மூளையில் தாகத்தை எழுப்பும் நரம்பு செல்களை நேரடியாகக் கண்காணித்தது. எலி தண்ணீரை நக்கத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் அந்தச் செல்கள் அடங்கத் தொடங்கிவிட்டன. ரத்தத்தில் இன்னும் ஒரு மாற்றமும் இல்லை. வரப்போகும் தண்ணீரை மூளை கணக்கில் வரவு வைத்துவிட்டது. முந்தைய வருஷம் அதே ஆய்வகம் பசி செல்களில் பார்த்தது இதற்கும் ஒரு படி மேலே: உணவு கண்ணில் பட்டவுடனேயே, ஒரு வாய் தின்பதற்கு முன்பே, சில நொடிகளில் அவை அடங்கின. எது உணவு, எது இல்லை என்பது அனுபவத்தில் வருவது. ஆகவே அடங்கவேண்டியது எப்போது என்பதையும் அந்தச் செல்கள் பெரும்பாலும் அனுபவத்திலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மருந்தும் ஒரு வெள்ளம்தான்

சாப்பாடு வரை இது இனிமையான கதை. போதைப்பொருளுக்கும் வலி மருந்துக்கும் வரும்போதுதான் இதன் கனம் தெரிகிறது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமும் இந்தப் பகுதிதான்.

1937-ல் சுப்கோவ், ஸிலோவ் என்ற இரண்டு சோவியத் ஆய்வாளர்கள் நாய்களுக்குத் திரும்பத் திரும்ப அட்ரினலின் ஊசி போட்டார்கள். அட்ரினலின் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். ஊசி போடப்போட அந்த வேகம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஒருநாள் அதே சூழ்நிலையில், அதே மாதிரி, மருந்தே இல்லாத வெறும் உப்புக் கரைசலை ஊசி மூலம் செலுத்தினார்கள். இதயத்தின் வேகம் வழக்கமான அளவைவிடக் குறைந்தது! ஊசியைப் பார்த்ததும் நாயின் உடல், ‘வேகம் வரப்போகிறது, பிரேக்கைப் பிடி’ என்று முன்கூட்டியே பிரேக்கைப் பிடித்துவிட்டது. வேகம் வரவில்லை, பிரேக் மட்டும் மிஞ்சியது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகல் இந்த ஒரு கருத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். ஒரே அளவு மார்ஃபினுக்கு நாளாக நாளாக வலி குறைவது மங்கிவிடும். அளவைக் கூட்டினால்தான் பழைய பலன் கிடைக்கும். இதற்கு மருந்துப் பழக்கம் என்று பெயர். செல்களின் ஏற்பிகளும் (மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள்), மருந்தைச் சிதைக்கும் கல்லீரலும் மாறுவதால் மட்டுமே இப்படி ஆகிறது என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். 1975-ல் சீகல் காட்டியது வேறு. ஒரே அறையில் மார்ஃபின் வாங்கிப் பழகிய எலிக்கு அதே அறையில் போட்டால் மருந்து மங்கலாகத்தான் வேலை செய்தது. வேறு அறைக்குக் கொண்டுபோய் அதே அளவைப் போட்டால் புது எலிக்குச் செய்ததுபோல் முழு வீச்சில் வேலை செய்தது. மருந்து அதேதான், எலி அதேதான், ஏற்பிகளும் அவையேதான். மாறியது அறை மட்டும்.

இன்னும் கேளுங்கள். பழகிய அறையில் மருந்துக்குப் பதில் வெறும் உப்புநீரைப் போட்டால் எலிக்கு வலி வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. அதே அறையில் உப்புநீரையே பலமுறை போட்டு வந்தால் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பாவ்லோவின் நாய்க்குச் சத்தத்தை மட்டும் கேட்கவைத்து உணவு கொடுக்காமல் விட்டால் எச்சில் ஊறுவது நின்றுபோகும் அல்லவா, அதே மாதிரி. வெறும் ரசாயன மாற்றம் என்றால் உப்புநீரால் அது கரையக் காரணமே இல்லை. இது படிப்பின் கையெழுத்து.

1982-ல் சீகலும் மூன்று சகாக்களும் செய்த பரிசோதனையின் எண்கள் எனக்கு மனப்பாடம். எலிகளுக்கு ஒரு மாதம் ஹெராயின் கொடுத்து, அளவை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஹெராயின், இன்னொரு இடத்தில் வெறும் கரைசல் என்று மாறி மாறி. கடைசியில் எல்லா எலிகளுக்கும் ஒரே பெரிய அளவு. ஹெராயினையே அறியாத எலிகளில் 96 சதவீதம் செத்தன. ஹெராயின் வாங்கிப் பழகிய இடத்திலேயே அந்தப் பெரிய அளவை வாங்கியவற்றில் செத்தது 32 சதவீதம். மருந்து வரலாறு அதேபோல் இருந்தும், கடைசி ஊசியை மட்டும் மற்ற இடத்தில் வாங்கியவற்றில் செத்தது 64 சதவீதம். இடம் மாறியதால் மட்டும் சாவு இரண்டு மடங்கு.

எலிகளுக்குத்தானே என்று விட்டுவிட முடியவில்லை. 1984-ல் சீகல், ஹெராயின் அளவு மீறிப்போய் உயிர் பிழைத்த பத்துப் பேரிடம் பேசியதை வெளியிட்டார். அதில் ஏழு பேர் அன்று வழக்கமில்லாத இடத்திலோ வழக்கமில்லாத முறையிலோ ஊசி போட்டிருந்தார்கள். பத்துப் பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் இரண்டு வருஷம் கழித்து அவர் சகாவோடு சேர்ந்து வெளியிட்ட ஒரு நோயாளியின் கதையைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். கணையப் புற்றுநோய் முற்றிய ஒருவர், வீட்டிலேயே படுக்கையில் இருந்தார். வெளிச்சம் குறைவான படுக்கையறை. டாக்டர் எழுதித் தந்த அளவில் நாளுக்கு நாலு முறை மகன்தான் மார்ஃபின் ஊசி போடுவார். வாரக்கணக்கில் இதுவே வழக்கம். ஒருநாள் அந்த மனிதர் எப்படியோ நகர்ந்து நகர்ந்து வெளிச்சமான கூடத்துக்கு வந்துவிட்டார். ஊசிக்கு நேரமாகிவிட்டது. அப்பா வலியில் இருப்பதைப் பார்த்த மகன் அங்கேயே வைத்துப் போட்டுவிட்டார். அதே அளவுதான். வழக்கத்துக்கு மாறாகக் கண்ணின் பாப்பா சுருங்கியது, மூச்சு மெலிந்தது, சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார்.

முற்றிய புற்றுநோயாளியின் சாவுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது, உண்மைதான். அந்த மகன் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனால் அந்த இருட்டறை அவருடைய அப்பாவின் உடலுக்கு எத்தனை பெரிய துணையாக இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த அறையின் மங்கல் வெளிச்சம், கட்டில், சுவர் எல்லாம் சேர்ந்து ‘இதோ வருகிறது’ என்று சொல்ல, மூச்சைத் தாழ்த்தும் மருந்துக்கு எதிராக உடல் மூச்சைத் தூக்கிப் பிடித்து வந்திருக்கிறது. கூடத்தில் அந்தக் குரல் ஒலிக்கவில்லை.

எதைப் படிக்கிறது உடல்?

இங்கே ஒரு கேள்வி கேட்கவேண்டும். பாவ்லோவின் ஆய்வகத்தில் மார்ஃபின் வாங்கிப் பழகிய நாய்கள், ஊசி போட ஆயத்தம் நடக்கும்போதே எச்சில் வடித்து வாந்தி எடுத்தன. மார்ஃபின் நாய்க்குச் செய்வதும் அதையேதான். அப்படியென்றால் மருந்து போகும் திசையிலேயே உடலும் போகிறதே? அட்ரினலின் நாய்கள் மட்டும் ஏன் எதிர்த்திசையில் போயின? பல காலம் இது குழப்பமாகவே இருந்தது.

1982-ல் ஐகல்பூம், ஸ்டூவர்ட் என்ற இருவர் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடித்தது. மருந்து உடலில் எங்கே தட்டுகிறது என்று பாருங்கள் என்றார்கள் அவர்கள். அட்ரினலின் ஊசி நேராக இதயத்தையே தட்டுகிறது. அந்த வேகம் மூளை கொடுத்தது அல்ல. மூளையின் பங்கு அதைக் குறைக்க முயல்வது. ஆகவே மூளை படித்துக்கொள்வது குறைப்பதை. மார்ஃபின் வாந்தியில் கதை வேறு. விஷம் உள்ளே வந்துவிட்டது என்று உணரும் பகுதியை மார்ஃபின் தட்டுகிறது. அதற்கு மூளை கொடுக்கும் பதில்தான் வாந்தி. ஆகவே மூளை படித்துக்கொள்வது வாந்தியை. உடல் படிப்பது மருந்தின் வேலையை அல்ல, எப்போதும் தன் வேலையை. இந்த ஒரு சாவியை வைத்துக்கொண்டால் இரண்டு பூட்டும் திறக்கின்றன.

எதிர்த்திசையில் போகாத இன்னொரு பிரபலமான படிப்பும் உண்டு. 1975-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ராபர்ட் ஆடரும் நிகோலஸ் கோஹனும் எலிகளுக்குச் சாக்ரின் கலந்த இனிப்புத் தண்ணீரோடு நோய் எதிர்ப்பை அடக்கும் ஒரு மருந்தையும் கொடுத்தார்கள். பிறகு இனிப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தபோதும் எதிர்ப்பொருள் உற்பத்தி குறைந்தது. நோய் எதிர்ப்பு அமைப்பு மூளையோடு பேசுவதே இல்லை என்று நம்பியிருந்த காலத்தில் இது பெரிய அதிர்ச்சி.

பிரேக் மட்டும் மிஞ்சும்போது

சமநிலை காக்கும் இந்த முன்னேற்பாடு இரண்டு விதத்தில் தவறிப்போகும். அடையாளம் இல்லாமல் பொருள் வருவது ஒன்று; அந்த ஹெராயின் எலிகளுக்கும் கூடத்தில் ஊசி வாங்கிய அந்தப் புற்றுநோயாளிக்கும் நடந்தது அது. மதுவிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1997-ல் பிரிட்டனில் ஒரே அளவு ஆல்கஹாலை ஒரு குழுவுக்குப் பழகிய பீராகவும் இன்னொரு குழுவுக்கு நீல நிற மின்ட் பானமாகவும் கொடுத்தார்கள். நீல பானம் குடித்தவர்கள் அதிகம் தடுமாறினார்கள், போதையும் அதிகம் என்றார்கள்.

பொருள் இல்லாமல் அடையாளம் மட்டும் வருவது மற்றொன்று. அட்ரினலின் நாய்க்கு நடந்தது அது. குடியை விட்ட மனிதருக்கு நாள்தோறும் நடப்பதும் அதுதான். எங்கள் தெருவிலேயே ஓர் அண்ணன் குடியை விட்டு, சிகிச்சை மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். மையத்தில் இருந்தவரை குடி நினைப்பே வரவில்லை என்றார். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், வேலை முடிந்து வழக்கமாகத் திரும்பும் அந்த முக்கில் பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறார். கடைக்கு இன்னும் நூறு அடி இருக்கிறது. கை நடுங்கியது, வாய் உலர்ந்தது, உடம்பே என்னுடையதாக இல்லை என்றார். கேட்டவர்கள் மனசு உறுதி போதாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்தச் சொல் இன்றும் கோபத்தைத் தருகிறது. அவருடைய உடல் ஆறு மணி, அந்த முக்கு, அந்த வாடை எல்லாவற்றையும் பத்து வருஷம் படித்து வைத்திருந்தது. ஆல்கஹால் நரம்புகளை அடக்கும். ஆகவே அதன் வரவை எதிர்பார்த்து உடல் நரம்புகளை முறுக்கிவிட்டது. ஆல்கஹால் வரவில்லை. முறுக்கு மட்டும் மிஞ்சியது. அதைத்தான் அவர் நடுக்கமாக அனுபவித்தார்.

அடையாளங்கள் இல்லாத இடத்துக்குப் போனால் என்ன ஆகும்? வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் பரவலாக இருந்தது. 1971-ல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே இருந்தபோது ஐந்தில் ஒருவர் அடிமையாகவே இருந்திருக்கிறார். ஆனால் அப்படி அடிமையாக இருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம்தான். போரின் பயம் இல்லை, மலிவான சரக்கு இல்லை, குடும்பம் பக்கத்தில் என்று இதற்குப் பல காரணம் உண்டு. அவற்றோடு, ஹெராயினைச் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஒரு கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன என்பதும் ஒரு காரணம். அதே ஊரில், அதே வீதியில் பழகியவருக்கு அந்த வசதி இல்லை.

சிறையிலிருந்து வெளிவருபவர்கள் பற்றி 2007-ல் வாஷிங்டன் மாநிலத்தில் வந்த ஆய்வும் இங்கே நினைவுக்கு வருகிறது. வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் போதைப்பொருள் அளவு மீறி இறக்கும் ஆபத்து, அங்குள்ள மற்றவர்களைவிட 129 மடங்கு. சிறையில் இருந்த காலத்தில் உடலின் பழக்கம் கரைந்திருக்கும்; பழைய ஆசை திரும்பும், பழைய அளவையே எடுப்பார்கள். இதில் அடையாளங்களின் பங்கு எவ்வளவு, வெறும் இடைவெளியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஏற்பிகள் மாறுவதும் உண்மைதான், கல்லீரல் மாறுவதும் உண்மைதான். படிப்பு மட்டுமே எல்லாம் என்று சீகல்கூடச் சொல்லவில்லை.

சரி, படித்ததை அழிக்க முடியாதா? அடையாளத்தைக் காட்டிக் காட்டி, பொருளைக் கொடுக்காமல் இருந்தால் எதிர்வினை மங்கும் என்று மேலே பார்த்தோம். இதை நம்பிச் சிகிச்சைகள் உருவாயின: காலி பாட்டிலைக் கையில் கொடுப்பது, ஊசியைக் காட்டுவது, குடிக்காமலேயே வாடையை முகரச் சொல்வது. கிளினிக்கில் நடுக்கம் அடங்கியது. வெளியே வந்ததும் பலருக்குத் திரும்பியது. காரணத்தை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பௌட்டன் பல வருஷ எலி ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பழைய பாடம் அழிவதில்லை. அதன் மேல் ‘இந்த இடத்தில் இப்போது வராது’ என்று ஒரு புதுப் பாடம் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். புதுப் பாடம் எழுதப்பட்ட இடத்தில்தான் அது செல்லுபடியாகும். கிளினிக் அறையில் படித்தது தெருமுக்கில் உதவுவதில்லை. ஆகவே படிக்கவேண்டிய இடம் அந்த முக்குதான், சாயங்காலம் ஆறு மணிதான், பக்கத்தில் நம்பிக்கையான ஓர் ஆளோடு. அந்த அண்ணனுக்கு அவருடைய மனைவி இதையேதான் செய்தார், எந்த ஆய்வையும் படிக்காமல். இரண்டு மாதம் தினமும் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து அவரோடு சேர்ந்து அந்த முக்கைக் கடந்து வீட்டுக்கு நடந்தார்.

எங்கள் ஊர் மில்லை மூடிப் பல வருஷமாகிவிட்டது. சங்கு நின்ற முதல் சில மாதம் அப்பா பன்னிரண்டு மணிக்குத் தானாகவே தலையைத் தூக்கிப் பார்ப்பார், அப்புறம் அது மெல்லக் குறைந்தது. ஒன்றரைக்கு, இரண்டுக்கு என்று சாப்பாடு தள்ளிப்போனது. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக வேறொரு மில் ஊருக்குப் போயிருந்தோம். மண்டபத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எங்கேயோ பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. அப்பா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“வயிறு கிள்ளுதுடா” என்றார்.